கிழித்து ஒட்டும் கலை: காத்திருக்கும் கைகளுக்கு ஒரு பாடம்

எமது சிறுநீரகப் பிரிவில் டயாலிசிஸ் சிகிச்சை ஒரு முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடைபெறுகிறது. வாரம் மூன்று முறை வருபவர் ஓராண்டில் 600 மணி நேரத்திற்கும் மேலாக இயந்திரத்தின் அருகே படுத்திருக்கிறார். அவரை அழைத்து வரும் மனைவியோ மகனோ அதே நேரத்தை வெளித் தாழ்வாரத்து விசிப்பலகையில் கழிக்கின்றனர். திண்டிவனம், செஞ்சி, மயிலம் பகுதிகளிலிருந்து வருவோருக்குப் பேருந்துப் பயணமும் இத்துடன் சேர்கிறது. அந்த மணி நேரங்களை என்ன செய்வது என்பது பற்றி மருத்துவர்களாகிய நாங்கள் நெடுங்காலம் சிந்திக்கவே இல்லை. இரத்த அழுத்தம், உடல் எடை, பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்த்தோம். கை சும்மா இருப்பதைப் பார்க்கவில்லை.

இவ்விதழின் பாடம் அந்தக் கைகளைப் பற்றியது. பழைய தாள், துணித்துண்டு, நூல், விதை ஆகியவற்றை ஓர் அட்டையில் ஒட்டிச் சித்திரமாக்கும் பொழுதுபோக்கை இங்கே விளக்க விரும்புகிறோம். இதனைக் கொலாஜ் என்பர். ஒட்டுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தாளோடு வண்ணம், துணி, மணி முதலியவற்றையும் சேர்த்தால் அது கலப்பு ஊடகக் கலை. 1912இல் பிகாசோவும் பிராக்கும் இதனை ஓவியத்திற்குள் கொண்டுவந்தார்கள் என்று கலை வரலாறு கூறும். எனினும் நம் தஞ்சாவூர் ஓவியத்தைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. பலகையின் மேல் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, மேடு எழுப்பி, கண்ணாடிக் கற்களைப் பதித்து, தங்கத் தகட்டை ஒட்டி, அதன் பின்னரே வண்ணம் தீட்டுகின்றனர். பல பொருள்களை ஒரே பரப்பில் ஒட்டும் வேலைதான் அதுவும்.

அவ்வோவியத்தின் பசைக்குப் புளியங்கொட்டை பயன்பட்டு வந்துள்ளது. திண்டிவனம் என்னும் பெயரே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதன் திரிபு என்று சொல்வார்கள். அவ்வூர் அன்பர்கள் பசைக்குக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தாளுக்கும் தொலைவு செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தார் பருத்தித் துணிக் கழிவிலிருந்து கையால் தாள் செய்கின்றனர். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் பாதைக்கு அண்மையிலுள்ள திருக்கனூரில் காகிதக்கூழால் பொம்மைகள் செய்யப்படுகின்றன. அக்கைவினை புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. வீணான தாளையும் துணியையும் அழகாக்கும் பழக்கம் நம் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறது என்பதற்காக இவற்றைக் கூறினோம்.

இனி, நோயுற்ற ஒருவர் இக்கலையை எவ்வாறு கைக்கொண்டார் என்பதைப் பார்ப்போம். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸுக்கு 1941இல், அவருடைய 71ஆம் வயதில், குடல் புற்றுநோய்க்காக லியோன் நகரில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார். ஆயினும் முன்போல் நெடுநேரம் நின்று தீட்டும் வலிமை திரும்பவில்லை. அதன்பின் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமே இருந்தார். அந்நிலையில் அவர் தூரிகையை விடக் கத்தரிக்கோலையே மிகுதியும் நாடினார். உதவியாளர்கள் வெள்ளைத் தாள்களில் வண்ணம் பூசிக் காய வைத்துத் தருவார்கள். அவர் இலை, பறவை, மனித உருவம் எனக் கத்தரிப்பார். உதவியாளர்கள் அத்துண்டுகளைச் சுவரில் குண்டூசியால் குத்தி நிறுத்துவார்கள். அவர் படுக்கையிலிருந்தபடியே இதை மேலே ஏற்று, அதைச் சற்றே திருப்பு என்பார். 1947இல் வெளியான ‘ஜாஸ்’ என்னும் புகழ்பெற்ற நூலின் படங்கள் இவ்வாறு பிறந்தவையே. 1954இல் மறையும்வரை ஏறத்தாழ 13 ஆண்டுகள் அவர் உழைத்தார்.

இச்செய்தியை நாங்கள் நோயாளிகளுக்குச் சொல்லும்போது, பலரும் மத்தீஸின் மன உறுதியைப் பாராட்டுகின்றனர். எங்கள் கவனமோ அந்த உதவியாளர்கள் மீது செல்கிறது. குண்டூசியைக் குத்தியவர்கள் அவர்கள். நோயாளி ஒருவரும் உடனிருப்பவர் ஒருவரும் ஒரே சித்திரத்தில் கை வைத்தல் என்பது அங்கேயே நடந்துவிட்டது.

நம் நாட்டில் இதனினும் கடினமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1904இல் பிறந்த வினோத் பிகாரி முகர்ஜி சாந்திநிகேதனில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஓவியர். பிறவியிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மறு கண்ணிலும் கடுமையான குறை. ஐம்பதுகளின் பிற்பாதியில் கண்புரை அறுவை சிகிச்சை பயனளிக்காமல் எஞ்சிய பார்வையும் போயிற்று. மருத்துவத்தின் தோல்வியை ஒரு மருத்துவமனை இதழ் மறைப்பது நேர்மையாகாது என்பதால் இதனையும் எழுதுகிறோம். பார்வை போன பின்னர் அவர் தாளை வெட்டியும் ஒட்டியும் சித்திரங்கள் செய்தார். மெழுகில் சிறு உருவங்கள் செய்தார். 1972இல் சாந்திநிகேதனில் ஓட்டுச் சில்லுகளால் ஆன பெரிய சுவர்ச் சித்திரம் ஒன்றையும் அமைத்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் அதே ஆண்டில் அவரைப் பற்றி ‘தி இன்னர் ஐ’ என்னும் ஆவணப்படம் எடுத்தார். தாளின் விளிம்பை விரல் அறியும். ஒட்டிய துண்டின் தடிப்பையும் விரல் அறியும். நீரிழிவால் பார்வை மங்கியவர்கள் எம் பிரிவில் பலர் இருக்கின்றனர். “எனக்குக் கண் தெரியாதே டாக்டர்” என்று அவர்கள் தயங்கும்போது நாங்கள் முகர்ஜியின் கதையைச் சொல்கிறோம்.

மருத்துவ முறையில் இதனால் பயன் உண்டா என்னும் வினாவிற்கு அளவோடு விடை கூறுவதே முறை. 2016இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 39 பேர் 45 நிமிடங்கள் வண்ணப் பேனா, களிமண், கொலாஜ் ஆகியவற்றில் தாம் விரும்பியதைச் செய்தனர். முன்னும் பின்னும் அவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் அளக்கப்பட்டது. ஏறத்தாழ நால்வரில் மூவருக்கு அது குறைந்திருந்தது. முன்பு கலைப் பயிற்சி இருந்தவர்க்கும் இல்லாதவர்க்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அவர்கள் நலமாயிருந்த மனிதர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. கார்ட்டிசால் காலையிலிருந்து மாலைவரை இயல்பாகவே குறையக் கூடியது. ஆகவே இதனைச் சான்று என்று சொல்வதைக் காட்டிலும் நல்ல குறிப்பு என்று சொல்வதே பொருத்தம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைகள் உடல் மன நலத்திற்குத் துணைசெய்யும் என்று அறிக்கை அளித்தது. துணை என்னும் சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்கவும். தாள் ஒட்டுவதால் கிரியேட்டினின் குறையாது. ஒரு மாத்திரையைக்கூட இதற்காக நிறுத்தக் கூடாது.

நாங்கள் கண்ட ஒரு பயனை மட்டும் சேர்த்துச் சொல்லலாம். நீர் அளவுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்குத் தாகம் மிகுவது பெரும்பாலும் மாலை வேளையில், வேலையின்றி அமர்ந்திருக்கும்போது. கையில் ஏதேனும் வேலை இருந்த நாள்களில் சொம்பின் பக்கம் கை போகவில்லை என்று எம் நோயாளிகளில் சிலர் கூறினர்.

இவ்வேலையில் எம்மை இறக்கியவர் ஒரு நோயாளி அல்லர், நோயாளியின் மனைவி. விக்கிரவாண்டிக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து கணவரை அழைத்து வருபவர். எட்டு மாதங்களாக வாரம் மூன்று நாள் அவரைப் பார்த்திருக்கிறோம். வணக்கம் சொல்வார், கோப்பினை நீட்டுவார், வெளியே சென்று அமர்வார். ஒரு நாள் பிற்பகல் விசிப்பலகையில் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்ததைச் செவிலியர் கண்டு இரத்த அழுத்தம் பார்த்தார். 190க்கு 110. விசாரித்தபோது, தமக்கும் அழுத்த மாத்திரை இருந்ததென்றும், ஆறு மாதங்களாக அதனை வாங்கவில்லை என்றும் சொன்னார். “அவருக்கு வாங்கறதுக்கே ஓடுது டாக்டர், என்னுதைப் பாக்க எங்க நேரம்” என்றார். எட்டு மாதங்களில் ஒரு முறையேனும், “அம்மா, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று நாங்கள் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அது எம் பிழை.

அதன்பின் உடனிருப்போர்க்கும் மாதம் ஒரு முறை அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கத் தொடங்கினோம். தாழ்வாரத்தில் ஒரு மேசையும் போட்டோம். செவிலியர் ஒருவர் வீட்டிலிருந்து பழைய நாள்காட்டித் தாள்களும் திருமண அழைப்பிதழ்களும் கொண்டுவந்து வைத்தார். முதல் வாரம் குழந்தைகள் மட்டுமே அமர்ந்தனர். இரண்டாம் வாரம் அவ்வம்மையார் வந்தார். தம் சுருக்குப்பையில் சேர்ந்து கிடந்த பேருந்துச் சீட்டுகளை எடுத்தார். கணவருக்கு வாங்கிய சீட்டுகளும், மகளிருக்கான கட்டணமில்லாச் சீட்டுகளுமாகப் பெருங்கட்டு. அவற்றை வரிசையாக ஒட்டி ஒரு கூரைவீட்டின் கூரையாக்கினார். சுவருக்கு அழைப்பிதழ் அட்டை. வாசலுக்குத் தையற்கடைத் துணித்துண்டு. மூன்று வாரங்கள் ஆயிற்று.

அவர் கணவர் அதைப் படுக்கையிலிருந்து நெடுநேரம் பார்த்தார். “இத்தினி வாட்டியா வந்திருக்கோம்?” என்று கேட்டார். பிறகு, “மாத்திரை போட்டியா?” என்று மனைவியிடம் கேட்டார். நாங்கள் அங்கிருந்தோம். எங்கள் அறிவுரை செய்யாததைச் சீட்டுக் கூரை செய்தது என்று சொல்வதில் எமக்கு வெட்கமில்லை. இப்போது இருவர் மாத்திரைகளும் ஒரே டப்பாவில் இருக்கின்றன. கணவர் எண்ணிப் பார்க்கிறார். அம்மையாரின் அழுத்தம் இன்னும் முழுதும் கட்டுக்குள் வரவில்லை. மருந்தை ஒரு முறை மாற்றியிருக்கிறோம்.

எல்லோருக்கும் இது பிடித்துவிடுவதில்லை. எம் பிரிவில் ஓர் இளைஞர், “பாலர் பள்ளி வேலையெல்லாம் வேண்டாம் சார்” என்று கைபேசியில் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கினார். அதுவும் சரியே. வற்புறுத்திய பொழுதுபோக்கு இன்னொரு மருந்தாகிவிடும்.

இனிச் செய்முறை. பசையிலிருந்து தொடங்குவோம். இரண்டு மேசைக்கரண்டி மைதா மாவை அரைக் குவளைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறு தீயில் வைத்து விடாமல் கிளறவும். மாவு வெந்து பளபளப்பாகத் திரண்டதும் இறக்கி ஆறவிடவும். ஓரிரு நாள்களுக்கு மேல் வைக்க வேண்டாம். புளித்த வாடையோ பூஞ்சையோ கண்டால் எறிந்துவிடவும். தெருவில் சுவரொட்டி ஒட்டுவோர் பூச்சியும் மாடும் அண்டாமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. வீட்டில் ஒருபோதும் கலக்கக் கூடாது. அது வயிற்றுக்குள் சென்றால் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. அவ்வாறு கெட்ட சிறுநீரகங்களைப் பார்த்தவர்கள் என்ற முறையில் இதனைச் சற்று உரக்கவே சொல்கிறோம். கடையில் விற்கும் வெள்ளைப் பசையும் போதும். ஆஸ்துமா உள்ளவர்களும் நுரையீரல் நோயாளிகளும் கடும் நெடியுள்ள பசை, தின்னர், தெளிப்பு வண்ணம் ஆகியவற்றின் அருகே செல்ல வேண்டாம்.

தாளை வெட்டுவதைவிடக் கிழிப்பதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். டயாலிசிஸின்போது இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் தரப்படுகிறது. இதய நோயாளிகள் பலர் இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உட்கொள்கின்றனர். கீமோதெரபி பெறுவோர்க்குத் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். இவர்களுக்குச் சிறு கீறலும் நெடுநேரம் கசியும். நீரிழிவால் விரல் உணர்வு குன்றியவர்க்குக் கத்தரிக்கோல் பட்டதே தெரியாமற்போகும். மேலும், இரத்தக் குழாய்கள் ஓடும் இயந்திரத்தின் அருகே கத்தரிக்கோலுக்கு எமது பிரிவில் அனுமதி இல்லை. கிழித்த விளிம்பில் தாளின் வெண்மை நூல்போல் தெரிவதால் மேகம், அலை, மலை ஆகியவற்றிற்கு அதுவே பொருந்தும் என்பது ஓர் ஆதாயம். நாளிதழை நீளவாக்கில் கிழித்தால் நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். இரண்டையும் முதலில் செய்து பாருங்கள்.

ஃபிஸ்டுலா உள்ள கை அசையாமல், அழுத்தமின்றி இருத்தல் வேண்டும். எனவே ஒட்டுவதற்கு ஒரு கைதான் கிடைக்கும். அட்டையின் நான்கு மூலைகளையும் பிளாஸ்திரியால் உணவுத் தட்டில் ஒட்டிவிட்டால் நழுவாது. உடனிருப்பவர் தாளின் ஒரு முனையைப் பிடிக்க, நோயாளி மறு முனையை இழுத்துக் கிழிக்கலாம். துண்டுகளை உடனே ஒட்டிவிடாமல் அட்டையின் மேல் பரப்பி, நகர்த்தி, மாற்றிப் பார்ப்பதிலேயே பெரும்பாலான நேரம் செல்லட்டும். மனம் இளைப்பாறுவது அங்கேதான். தலைசுற்றலோ, தசைப்பிடிப்போ, வியர்வையோ தோன்றினால் தட்டை நகர்த்திவிட்டு உடனே செவிலியரை அழைக்கவும்.

பக்கவாதத்திற்குப் பின் ஒரு கை தளர்ந்தவர்கள் அக்கையைத் தாளின் மேல் பாரமாக வைத்து, நல்ல கையால் ஒட்டத் தொடங்கலாம். எப்போது தளர்ந்த கையாலேயே எடுக்க முயல்வது என்பதை இயன்முறை மருத்துவர் சொல்வார். மறதி நோய் உள்ளவர்களிடம் மணி, விதை, பொத்தான் போன்ற வாயில் போடத்தக்க சிறு பொருள்களைத் தர வேண்டாம். அவர்களுக்குப் பெரிய துணித்துண்டுகளும் பழைய குடும்பத் திருமண அழைப்பிதழ்களும் ஏற்றவை. பெயர்களைத் தடவிப் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களும் பரணில் கிடந்த தூசி, பூஞ்சை படிந்த தாள்களைத் தொடலாகாது. மாத்திரை தீர்ந்த வெற்று அட்டைகளின் பளபளப்புப் பலருக்கும் பிடிக்கிறது. அவற்றின் விளிம்பு கூர்மையானது, குழந்தைகளிடம் தரும்போது கவனம் தேவை. உள்ளே மாத்திரை ஏதும் தங்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளவும். ஒரு முறை அவ்வாறு பார்த்தபோது, ஒருவர் பல நாள்களாக மாத்திரையை விழுங்காமலிருந்தது எமக்குத் தெரியவந்தது.

என்ன செய்வது என்று திகைப்பவர்களுக்கு: மலர்க்கொத்தும் இயற்கைக் காட்சியும் செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டு அடுப்படி, ஊர்க் குளம், விழுப்புரம் சந்திப்பில் நிற்கும் ரயில், செஞ்சிக் கோட்டையின் பாறைகள் என்று அறிந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிறத் தாள்களை மட்டும் சேர்த்து ஒட்டிப் பார்க்கலாம். எதுவும் போலத் தோன்றாவிட்டாலும் குற்றமில்லை. பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: “இது என்ன?” என்று கேட்க வேண்டாம், “இந்தத் துண்டு எங்கே கிடைத்தது?” என்று கேளுங்கள். ஒருவர் கறுப்புத் தாளையே ஒட்டினால் அவர் துயரத்தில் இருக்கிறார் என்று முடிவு கட்டவும் வேண்டாம். எம் நோயாளி ஒருவர் கறுப்பையே ஒட்டினார். அது அவருடைய எருமை.

ஆனால் உண்மையான துயரத்தைத் தாளால் மூட இயலாது. இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை, ஓயாத அழுகை, டயாலிசிஸை நிறுத்திவிடலாம் அல்லது வாழ்ந்து என்ன பயன் என்னும் எண்ணம் ஆகியவை இருந்தால், நோயாளியாயினும் உடனிருப்பவராயினும், எம்மிடம் கூறவும். இரவாயினும் பகலாயினும் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இரத்த அழுத்தம் போல இதுவும் மருத்துவம் உள்ள நோய்.

தாழ்வார மேசையில் இப்போது நாளிதழ்த் தாள் மிகுதியாகவும் அட்டை குறைவாகவும் உள்ளது. வேட்டி, சேலைக் கடைப் பெட்டிகளின் அட்டை இருந்தால் கொண்டு வரவும். திருமண அழைப்பிதழ்களைத் தருவோர், இணைக்கப்பட்ட பின்களை நீக்கிவிட்டுத் தரும்படி செவிலியர்கள் கேட்டுக்கொள்கின்றனர். சென்ற மாதம் இருவருக்கு விரலில் குத்திவிட்டது.